எட்டு நாளில் ஆயரானவர்: ரோம், வெர்செல்லி, மிலான் பயணக் குறிப்புகள்

நவம்பர் 29, ரோம்

விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் வரை மழை விடவில்லை. அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. எங்கள் பங்குக் கோயிலில் நாற்பது ஆண்டுகளாக மறைக்கல்வி வகுப்பு நடத்தி வருகிறார். இந்தப் பயணமே அந்த வகுப்பில் ஒரு சிறுமி கேட்ட கேள்வியிலிருந்து பிறந்ததுதான். "பேதுருவுக்கு அப்புறம் வந்த ஆயர்களை யார் தேர்ந்தெடுத்தாங்க டீச்சர்? அவங்க எங்கே படிச்சாங்க?" என்று அவள் கேட்டிருக்கிறாள். ஆயர் என்றால் ஒரு நகரச் சபையின் தலைவர், பிஷப். யூதாசின் இடத்துக்கு மத்தியா சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டதையும், பந்தியில் பரிமாற ஏழு பேரைச் சபையாரே தெரிந்து நிறுத்தியதையும் சொல்லி அக்கா அன்றைக்குச் சமாளித்துவிட்டார். ஆனாலும் அதற்குப் பிந்தைய முந்நூறு ஆண்டுகளைப் பற்றித் தாம் எதுவும் சொல்லவில்லையே என்ற குறை அவரை விடவில்லை. இரண்டு ஆண்டுகள் பணம் சேர்த்துப் புறப்பட்டு வந்திருக்கிறோம்.

இரவு உணவுக்குப் பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் சேர்த்த பாஸ்தா சாப்பிட்டோம்; தட்டு 12 யூரோ. அக்கா முகம் மலர்ந்து சாப்பிட்டது அந்த மிளகுக்காகத்தான்.

நவம்பர் 30, ஆப்பியா சாலை

ஆப்பியா சாலைக்குப் போகும் பேருந்துக்காக நாற்பது நிமிடங்கள் நின்றும் அது வரவில்லை. நிறுத்தத்தில் எங்களோடு நின்ற ஒரு முதிய பெண்மணி கையை விரித்துக் காட்டிவிட்டு, தம் குடையை அக்காவின் தலைக்கும் சேர்த்துப் பிடித்தபடி பழைய நகரவாயில் வரை எங்களுடன் நடந்து வந்தார். வாயிலுக்கு அப்பால் அந்தச் சாலையில் நடைபாதை கிடையாது. இரு புறமும் உயர்ந்த மதில்கள். நடுவே கார்கள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போகின்றன. புனித கலிஸ்து நிலத்தடிக் கல்லறைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முழங்கால்வரை நனைந்திருந்தோம். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 10 யூரோ.

கலிஸ்து இந்த இடத்துக்கு வந்த கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர் ஓர் அடிமை. நடத்தச் சொன்ன வட்டிக்கடை நொடித்துப்போய், சார்தினியத் தீவின் சுரங்கத்தில் தண்டனை வேலை செய்து மீண்டவர். அவரை வெறுத்த ஒருவர் எழுதிவைத்த குறிப்பிலிருந்தே இவ்வளவும் நமக்குத் தெரியவருகிறது என்பதால், இழிவுபடுத்தும் தொனியைக் கழித்துவிட்டுத்தான் அதைப் படிக்க வேண்டும். ஆயர் செப்பிரீனு அவரை அழைத்துச் சபையின் கல்லறைப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். இறந்தவர்களை அடக்கம் செய்வதும், குழி வெட்டுபவர்களுக்குக் கூலி கொடுப்பதும், ஏழைக்கும் செல்வந்தருக்கும் ஒரே சுவரில் இடம் ஒதுக்குவதுமாக ஆண்டுக்கணக்கில் கழித்த திருத்தொண்டர், அதாவது ஆயரின் உதவிப் பணியாளர், அவர். 217இல் ரோம் சபை அவரையே தன் ஆயராக்கியது.

படிகள் செங்குத்தானவை. அக்கா ஒவ்வொரு படியிலும் நின்று இறங்கினார். வழிகாட்டியாக வந்த இளம்பெண் அவசரப்படுத்தவில்லை. அக்காவின் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, மற்றவர்களைக் கீழே காத்திருக்கச் சொன்னாள். மேலே குளிர் நடுக்கியது. உள்ளேயோ காற்று அசையாமல் சற்றே வெதுவெதுப்பாக இருந்தது. திருத்தந்தையரின் கல்லறை அறை நான் எண்ணியிருந்ததைவிட மிகச் சிறியது. 1854இல் தே ரோஸ்ஸி என்ற தொல்லியலாளர் இதைக் கண்டெடுத்தார். மூன்றாம் நூற்றாண்டில் ரோம் சபையை நடத்தியவர்களில் ஒன்பது பேர் இங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள். கற்பலகைகளில் பெயர்கள் கிரேக்க எழுத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்து ரோம் சபையின் மொழி இலத்தீன் அன்று, கிரேக்கமே. ஃபேபியன் பெயர் பொறித்த பலகையருகே வெகுநேரம் நின்றேன். பெயர், அடுத்து ஆயர் என்பதன் சுருக்கம், அடுத்து மறைசாட்சி (மறைக்காக உயிர் கொடுத்தவர்) என்பதைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளைப் பிணைத்த ஒரு குறி. அந்தக் கடைசிக் குறி மட்டும் வேறொரு கை பிற்பாடு வெட்டியது. கீறல் மெலிதாக இருக்கிறது. அடக்கம் செய்தவர்கள் ஆயர் என்பதோடு நிறுத்திக்கொள்ள, பின்னால் வந்தவர்கள் மற்றதைச் சேர்த்திருக்கிறார்கள்.

இந்த ஃபேபியன் தேர்ந்தெடுக்கப்பட்ட விதத்தைச் செசரியா நகர எவுசேபியு தம் திருச்சபை வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார். 236ஆம் ஆண்டு, ஆயர் அந்தேரு சில வாரங்களே பணியாற்றி இறந்துவிட்டார். அடுத்தவரைத் தெரிவு செய்யச் சபை முழுதும் கூடியிருந்தது. பெயர் பெற்ற பலரைப் பற்றி எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்தபோது, நாட்டுப்புறத்திலிருந்து வந்து கூட்டத்தில் நின்ற ஃபேபியனின் தலைமேல் ஒரு புறா வந்தமர்ந்ததாம். மக்கள் அனைவரும் ஒரே குரலாகத் "தகுதியுள்ளவர்" என்று முழங்கி, உடனே அவரை ஆயர் இருக்கையில் அமர்த்தினார்களாம். புறாவைப் பற்றி எவரும் எப்படியும் நினைத்துக்கொள்ளட்டும். என்னைத் தொட்டது அதைச் சுற்றி நின்ற கூட்டம்தான். பொதுமக்கள் அந்த இடத்தில் இருந்தார்கள், அவர்கள் வாய் திறந்தார்கள், அந்த வார்த்தைக்கு மதிப்பு இருந்தது. 'திருத்தூதர் மரபு' என்ற பழைய ஒழுங்குநூலும் இதையே விதியாகச் சொல்கிறது. மக்கள் எல்லாரும் தேர்ந்துகொண்டவரை ஞாயிற்றுக்கிழமை நடுவில் நிறுத்தி, அண்டை ஊர் ஆயர்கள் கைகளை வைக்க, மூப்பர்களும் (இன்றைய குருக்கள்) மக்களும் பேச்சில்லாமல் நின்று தூய ஆவி இறங்கி வர மனத்துக்குள் மன்றாட வேண்டும்.

ஃபேபியன் 250 சனவரியில் கொல்லப்பட்ட பின், பேரரசு நடத்திய துன்புறுத்தலின் கடுமையால் ரோம் சபை பதினான்கு மாதங்கள் ஆயரின்றியே இருந்தது. பிறகு வந்தவர் கொர்னேலியு. அவரை ஆதரித்துக் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் எழுதிய கடிதத்தில் ஒரு கருத்து என் நெஞ்சில் நிற்கிறது: கொர்னேலியு திடீரென்று ஆயர் இருக்கைக்கு வந்தவர் அல்லர், சபையின் எல்லாப் பணிகளையும் ஒவ்வொன்றாகச் செய்து, படிப்படியாக ஏறி வந்தவர். அந்தப் படிகள் எவை என்பதைக் கொர்னேலியுவே இன்னொரு கடிதத்தில் கணக்காகத் தருகிறார். 251ஐ ஒட்டிய ரோம் சபையில் மூப்பர் 46, திருத்தொண்டர் 7, துணைத்திருத்தொண்டர் 7, பீடத்துணைவர் 42. பேயோட்டுபவர், வாசகர், வாயில்காப்போர் மூவகையாரும் சேர்ந்து 52. இவர்கள் எல்லாருமாகத் தாங்கி நின்றது 1,500க்கும் மேற்பட்ட கைம்பெண்களையும் வறியவர்களையும்.

கொர்னேலியுவின் கல்லறை எங்கள் சுற்றில் இல்லை. மேலே வந்து ஒரு சைப்பிரசு மரத்தடியில் நின்று, நான் அந்தக் கணக்கை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. "அவங்க படிச்ச பள்ளிக்கூடம் இதுதான் தம்பி. வாசல்ல நின்னு, வர்றவங்க முகத்தைப் பார்த்துப் பார்த்துப் படிச்சிருக்காங்க" என்றார். குருக்களைப் பயிற்றும் குருமடம் என்று இன்று நாம் அறிந்திருப்பது 1563இல், ஆயர்கள் கூடிய திரெந்து சங்கத்தின் ஆணைக்குப் பிறகு வந்த ஏற்பாடு. அதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, வாசல் காத்தவரையும் ஏடு வாசித்தவரையும் சோறு பங்கிட்டவரையும் ஊரார் ஆண்டுக்கணக்கில் கண்ணால் பார்த்திருந்தார்கள். யாருக்குப் பொறுமை உண்டு, யாருடைய கை நீளம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவேதான் அவர்களுடைய சாட்சியம் கேட்கப்பட்டது.

டிசம்பர் 1, ரோம்

மக்கள் கூடித் தேர்ந்தெடுத்தது எப்போதும் புறா இறங்கிய காட்சியாக இருந்துவிடவில்லை. இதை மறைத்துவிட்டு நேற்றையதை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும் என்பதால் இன்று இரண்டு கோயில்களுக்குப் போனோம்.

முதலாவது, கடைத்தெருவை ஒட்டிய லூசினா புனித லாரன்சு ஆலயம். இரண்டாவது, ஆற்றுக்கு அப்பால் திரஸ்தேவெரேயில் உள்ள அன்னை மரியா பேராலயம். 366இல் ஆயர் லிபேரியு இறந்ததும் ரோம் சபை இரண்டாகப் பிளந்தது. ஒரு கட்சி லூசினாவில் கூடித் திருத்தொண்டர் தமாசைத் தேர்ந்தது. மறு கட்சி ஆற்றுக்கு அப்பால் கூடித் திருத்தொண்டர் உர்சீனுவைத் தேர்ந்தது. அடிதடி கொலையில் முடிந்தது. கிறிஸ்தவரல்லாத வரலாற்றாசிரியர் அம்மியானு, சிசினீனு பேராலயத்தில் ஒரே நாளில் 137 உடல்கள் கிடந்தன என்று எழுதுகிறார். நகர ஆளுநர் கலவரத்தை அடக்க முடியாமல் புறநகருக்கு விலகிப் போனார். அம்மியானு காரணத்தையும் சொல்லிவிடுகிறார்: அந்தப் பதவிக்கு வந்தவர்களுக்குச் சீமாட்டிகளின் காணிக்கை உண்டு, வண்டி உண்டு, அரசர்களை மிஞ்சும் விருந்து உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் அதே இருக்கையில் அமர்ந்தவருக்கு வாள்தான் காத்திருந்தது. பதவிக்கு வேறு சுவை வந்த பிறகு போட்டியின் குணமும் மாறிவிட்டது.

வென்ற தமாசு பிற்காலத்தில் மறைசாட்சிகளின் கல்லறைகளைத் தேடித் தேடிச் செப்பனிட்டு, தாமே செய்யுள் இயற்றிக் கல்லில் வெட்டுவித்தார். நேற்று நாங்கள் நின்ற அறையிலும் அவருடைய செய்யுள் ஒன்று இருக்கிறது. உடைந்து கிடந்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டி மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். தாமும் இங்கே அடங்க விரும்பியதாகவும், இறையடியாரின் சாம்பலைக் கலைத்துவிட அஞ்சியதாகவும் அதன் முடிவில் சொல்கிறார். 137 உடல்களைக் கடந்து அந்த இருக்கைக்கு வந்தவர் எழுதிய வரி என்று அறிந்த பின், அந்த அச்சத்தை நான் அலங்காரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

திரஸ்தேவெரேயில் மழை சற்று ஓய்ந்தது. நடுவில் பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த சோற்று உருண்டைக்குச் சுப்ளி என்று பெயர். ஒன்று இரண்டரை யூரோ. விற்றவர் அக்காவின் கையில் முதலில் துடைதாளைக் கொடுத்து, சூடு என்று சைகை காட்டிய பிறகே உருண்டையைக் கொடுத்தார்.

டிசம்பர் 3, ரோம்

அக்காவின் முழங்கால் வீங்கிவிட்டது. நேற்றும் இன்றும் அறையை விட்டு அதிகம் வெளியே போகவில்லை. மருந்துக்கடையில் களிம்பு ஒன்றுக்கு 11 யூரோ ஆனது.

தமாசுக்குப் பின் வந்த சிரீசியு, 385இல் ஸ்பெயினின் தாரகோனா நகர ஆயருக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பதவி ஏணியின் அளவுகளை வரையறுக்கிறார். சிறுவயதிலேயே வாசகர், முப்பது வயதுவரை பீடத்துணைவர், துணைத்திருத்தொண்டர், பிறகு ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் திருத்தொண்டர், மூப்பராகப் பத்தாண்டுகள் கழிந்த பிறகே ஆயர் இருக்கை. கூட்டிப் பார்த்தால் நாற்பத்தைந்து வயது ஆகிறது. ரத்தம் சிந்திய ஒரு தேர்தலைக் கண்ட நகரம் பத்தொன்பது ஆண்டுகளில் இந்த அளவுகோலை எழுதியிருக்கிறது என்பதை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

டிசம்பர் 4, மிலான்

ரயில் வடக்கே போகப் போக மூடுபனி அடர்ந்துகொண்டே வந்தது. மிலானில் 7ஆம் தேதி நகரின் பாதுகாவலரும் நான்காம் நூற்றாண்டில் அதன் ஆயராக இருந்தவருமான புனித அம்புரோசின் திருநாள், 8ஆம் தேதி அன்னையின் திருநாள், தொடர் விடுமுறை. முன்பதிவு செய்திருந்த விடுதியில் எங்கள் பதிவே இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அதே தெருவில் இருமடங்கு விலைக்கு, ஓர் இரவுக்கு 190 யூரோ கொடுத்து அறை எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு மணி நேரம் பெட்டிகளோடு தெருவில் நின்ற அக்காவுக்குப் பக்கத்துக் காப்பிக்கடைக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஒரு காப்பிக்கு மட்டும் 1 யூரோ 30 காசு வாங்கிக்கொண்டு, கூடவே வைத்த ரொட்டிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மாலையில் பேராலயத்தின் முகப்புக்கு அடியில் இருக்கும் பழைய திருமுழுக்கு இல்லத்துக்குப் போனோம். எண்கோணத் தொட்டியின் தரையும் ஓரச் சுவர்களும்தாம் எஞ்சியிருக்கின்றன. அருகே மின்ரயில் ஓடும் அதிர்வு லேசாகக் கேட்கிறது. 387 உயிர்ப்புப் பெருவிழாத் திருவிழிப்பில், ஏப்ரல் 24 இரவில், அம்புரோசு அகுஸ்தினாருக்குத் திருமுழுக்குக் கொடுத்த இடம் இது. இங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிய அகுஸ்தினார், ஆயர் இல்லாத ஊருக்குப் போனால் தம்மைப் பிடித்து ஆயராக்கிவிடுவார்களோ என்று அஞ்சி, அப்படிப்பட்ட ஊர்களை விலக்கியே நடந்தாராம். ஹிப்போவில் ஆயர் இருக்கிறாரே என்று நம்பி 391இல் அங்கே போனார். மக்கள் பிடித்து நிறுத்தி அவரை மூப்பராக்கிவிட்டார்கள். அவர் அழுதார். மூப்பர் பதவிதானே கிடைத்தது என்று வருந்துகிறார் போலும் என நினைத்துச் சிலர், ஆயர் பதவியும் சீக்கிரம் வரும் என்று ஆறுதல் சொன்னார்களாம். தம் ஆயருக்கு அவர் எழுதிய விண்ணப்பம் இன்றும் இருக்கிறது: திருநூலைக் கற்க உயிர்ப்புப் பெருவிழா வரை அவகாசம் கொடுங்கள் என்கிறார். இரண்டு மூன்று மாத அவகாசத்துக்காக அவ்வளவு பெரிய அறிஞர் கெஞ்சுகிறார்.

டிசம்பர் 5, வெர்செல்லி

மிலானுக்கு மேற்கே ஏறக்குறைய ஒரு மணி நேர ரயில் பயணம். மூடுபனி விலகியபோது சன்னலுக்கு வெளியே தெரிந்ததைப் பார்த்து அக்கா என் தோளைத் தட்டினார். நெல் வயல்! அறுவடை முடிந்து தாள் நின்ற வயல்கள், வரப்புகள், வாய்க்கால்கள், நடுநடுவே கொக்குகள். இத்தாலியின் நெல் நாடு இது. நண்பகலில் பனிஸ்ஸா சாப்பிட்டோம். அரிசியோடு அவரைக்கொட்டையும் பன்றி இறைச்சித் தொத்திறைச்சியும் சேர்த்துக் குழைய வேகவைத்தது, 11 யூரோ. பரிமாறிய அம்மாள் அக்கா அரிசியைக் கையால் தொட்டுப் பதம் பார்த்ததைக் கண்டு, உள்ளே போய் வேகாத அரிசியை ஒரு கைப்பிடி அள்ளிவந்து காட்டினார். இருவரும் ஒரு மொழியும் பொதுவாக இல்லாமலே நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வூரின் முதல் ஆயர் பெயரும் எவுசேபியுதான். வரலாற்றாசிரியர் வேறு, இவர் வேறு. சார்தினியாவில் பிறந்து ரோமில் வாசகராக இருந்தவர். உள்ளூரார் பலர் இருக்க, முன்பின் அறியாத இவரை வெர்செல்லி மக்கள் கண்டதுமே ஏற்றுக்கொண்டார்கள் என்று அம்புரோசு எழுதுகிறார். நான்காம் நூற்றாண்டின் நடுவில் இவர் செய்த ஏற்பாடு மேற்குத் திருச்சபைக்குப் புதிது. தம் மூப்பர்களையும் திருத்தொண்டர்களையும் தம்மோடு ஒரே வீட்டில் வாழச் செய்தார். நகரத்துப் பணியும் துறவியின் ஒழுங்கும் ஒரே கூரையின் கீழ் நடந்தன: நோன்பு, இரவு மன்றாட்டு, திருநூல் வாசிப்பு, உழைப்பு. 355இல், இயேசு தந்தைக்கு நிகரான கடவுள் அல்லர் என்ற ஆரியுவின் கொள்கைக்கு இணங்க மறுத்துக் கிழக்கே நாடுகடத்தப்பட்ட எவுசேபியு உறுதியாக நின்றதற்கு இந்தப் பயிற்சிதான் காரணம் என்பது அம்புரோசின் கருத்து. அம்புரோசு அதை எழுதியது 396இல், அடுத்த ஆயரைத் தேர்வதில் ஒத்துப்போக முடியாமல் இதே ஊர் சண்டையிட்டுக்கொண்டிருந்தபோது. உங்கள் முன்னோர் எப்படிப்பட்டவரைத் தேர்ந்தார்கள், அவர் உங்களுக்கு எத்தகைய வீட்டை அமைத்துத் தந்தார் என்று நினைவூட்டும் நீண்ட கடிதம் அது. ஆப்பிரிக்காவில் அகுஸ்தினார் ஆயரான பின் அமைத்த வீடும் இதே போன்றது. அதிலிருந்து பத்துப் பேர் ஆயர்களாகப் போனதாக அவர் மாணவர் பொசிதியு எழுதியிருக்கிறார்.

பேராலயக் கருவூலத்தில் ஒரு பழைய இலத்தீன் நற்செய்திச் சுவடி இருக்கிறது. எவுசேபியு தம் கையால் எழுதியது என்று ஊர் நம்புகிறது. நூற்றாண்டுகளாகப் பக்தர்கள் தொட்டுத் தொட்டுச் சுவடியின் தோலேடுகள் சிதைந்துபோயின. ஒரு வாசகராக வாழ்வைத் தொடங்கியவரின் நினைவுக்கு வாசித்துத் தேய்ந்த ஏடு நிற்பது எனக்குப் பொருத்தமாகப் பட்டது.

டிசம்பர் 7, மிலான்

காலையில் சுரங்க ரயிலில் வந்தபோது போர்த்தா ரொமானா நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து அக்காவுக்குக் கதையைச் சொன்னேன். 374இல் மிலானில் ஆரியுவின் கொள்கையைச் சார்ந்த ஆயர் அவுக்சென்சியு இறந்ததும், அக்கொள்கையினரும் அதை எதிர்த்தவர்களுமாக இரு தரப்பும் கோயிலில் கூடிக் கொந்தளித்தன. கலவரத்தைத் தடுக்க வந்தவர் மாநில ஆளுநர் அம்புரோசு, திருமுழுக்கே பெறாதவர். அவர் பேசிக்கொண்டிருக்கையில் "அம்புரோசு ஆயர்!" என்று ஒரு குழந்தையின் குரல் எழ, இரு தரப்பும் அதையே முழங்கத் தொடங்கின என்கிறார் அவருடைய செயலர் பவுலீனு. அம்புரோசு தப்பிக்கப் பார்த்தார். தம்மைக் கொடியவராகக் காட்ட, நீதிமன்றத்தில் ஆட்களை வதைக்கச் சொன்னார். "உம் பாவம் எங்கள்மேல்" என்றது கூட்டம். இரவோடிரவாகப் பவியாவை நோக்கி ஓடினார். வழி தவறி விடியற்காலையில் நின்றது நகரின் ரோம வாயிலில். நவம்பர் 30 அன்று திருமுழுக்கு, டிசம்பர் 7 அன்று ஆயர்நிலை. எட்டு நாட்கள்.

இது விதிமீறல். புதிதாக மறையில் சேர்ந்தவர்களை அவசரமாக ஆயராக்கக் கூடாது என்று 325இல் நைசியா சங்கம் இரண்டாம் விதியாகவே வைத்திருந்தது. "நூதன சீஷனாயிருக்கக் கூடாது" என்று தீமோத்தேயுக்கு எழுதிய நிருபத்திலும் இருக்கிறது. மிலான் மக்கள் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் முழுத் தெளிவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: அம்புரோசு தாம் ஆயத்தமாகாதவர் என்பதை மறைக்கவே இல்லை. நீதியிருக்கையிலிருந்து பிடித்திழுக்கப்பட்டு, நான் கற்காததை உங்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினேன், ஆகவே கற்பதும் கற்பிப்பதும் ஒருங்கே நடக்கிறது என்று தம் குருக்களுக்கே எழுதினார்.

அவர் பேராலயத்தில் இன்று நிற்க இடமில்லை. வரிசையில் ஒரு மணி நேரம் நகர்ந்து நிலவறைக்குப் போனோம். வெள்ளை உடுப்பில் எலும்புக்கூடாக அவர், இரு மறைசாட்சிகளுக்கு நடுவே. பக்கத்துச் சிற்றாலயத்தில் ஐந்தாம் நூற்றாண்டு மொசைக்கில் அவர் முகம் இருக்கிறது: குறுந்தாடி, களைத்த பார்வை, ஒரு கண் மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கிறது. வரைந்தவர் அதைத் திருத்தி அழகுபடுத்தவில்லை.

வெளியே வந்ததும், கோட்டையைச் சுற்றி நடக்கும் திருநாள் சந்தைக்குப் போனோம். நூலில் கோத்துப் புகையூட்டிய கஷ்கொட்டை மாலை 6 யூரோ. கூட்ட நெரிசலில் அக்கா திடீரென்று நின்று, "இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க தம்பி?" என்றார். சிம்பிளிசியானு என்ற மூப்பர் என்றேன். ரோமிலிருந்து வந்தவர்; அம்புரோசுக்கு மறைநூலைக் கற்பித்தவர்; பின்னாளில் அகுஸ்தினாரும் அறிவுரை தேடிப் போனது அவரிடம்தான். "அவருக்குக் கோயில் இருக்கா?" என்று கேட்டார் அக்கா. பத்து நிமிட நடையில் இருந்தது.

வெறும் செங்கல் சுவர், உயரமான மங்கலான உள்ளிடம். திருநாள் ஆரவாரம் எதுவும் அந்தத் தெருவுக்கு எட்டவில்லை. உள்ளே நான்கைந்து பேர். அக்கா கடைசி இருக்கையில் அமர்ந்து காலை நீட்டிக்கொண்டார். நான் மிச்சக் கதையைத் தாழ்ந்த குரலில் சொன்னேன். 397இல் அம்புரோசு மரணப் படுக்கையில் கிடந்தபோது, முற்றத்தின் மறுகோடியில் நான்கு திருத்தொண்டர்கள் அடுத்த ஆயர் யார் என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சிம்பிளிசியானுவின் பெயரைச் சொன்னதும், படுக்கையிலிருந்து குரல் வந்தது: "முதியவர், ஆனால் நல்லவர்." மூன்று முறை சொன்னாராம். பேசிக்கொண்டிருந்தவர்கள் அஞ்சி ஓடிவிட்டார்கள். மக்கள் அந்த முதியவரையே ஆயராக ஏற்றுக்கொண்டார்கள்.

அக்கா கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும்படி கேட்டு எழுதிக்கொண்டார். அந்தச் சிறுமிக்குச் சொல்ல வேண்டுமாம். மூன்று யூரோவுக்கு இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினோம். வெளியே மறுபடி பனி இறங்கியிருந்தது.